மணல் பலகையிலிருந்து தொடுதிரை வரை: வகுப்பறைக் கருவிகளின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

'பன்முகத் தேவைகள் உள்ள கற்போர்' என்றொரு சொற்றொடர் கல்வித்துறைச் சுற்றறிக்கைகளிலும் தனியார் பள்ளிகளின் வழவழப்பான பிரசுரங்களிலும் ஒரே சமயத்தில் புழங்குகிறது. அரசும் வியாபாரமும் ஒரே சொல்லைக் கையிலெடுக்கும்போது கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது. 'பன்முகம்' என்பது யாருடைய முகம்? மயிலாப்பூரில் இரண்டு தலைமுறையாகப் பட்டதாரிகள் இருக்கிற வீட்டுப் பிள்ளையை யாரும் இந்தச் சொல்லால் குறிப்பதில்லை. அவன் வெறும் மாணவன். காது கேளாத பிள்ளை, எழுத்துகள் குழம்பித் தெரிகிற பிள்ளை, கட்டட வேலைக்கு வந்த ஒடியா பேசும் குடும்பத்துப் பிள்ளை, முதன்முதலாகப் பள்ளிக்கு வருகிற வீட்டுப் பிள்ளை, இவர்கள்தான் 'பன்முகம்'. இயல்பு என்பது பெயரில்லாமல் நடுவில் உட்கார்ந்துகொண்டு மற்றவற்றுக்கெல்லாம் பெயர் வைக்கிறது. பெயர் வைத்த கையோடு ஒரு கருவியையும் நீட்டுகிறது.

கருவி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தொழில்நுட்பம் என்றதுமே முகம் சுளிக்கிற நமது இலக்கிய நண்பர்களின் பழக்கத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஒரு கருவி வகுப்பறைக்குள் நுழையும்போது அது யாரிடமிருந்து யாருக்குத் தகவலைக் கொண்டுபோகிறது என்பதுதான் கேள்வி. தென்சென்னையை இதற்கு எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. மயிலாப்பூரில் காது கேளாதோருக்கான கிளார்க் பள்ளி, கதீட்ரல் சாலையில் லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட், அடையாற்றில் செயின்ட் லூயிஸ், பால வித்யாலயா, கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், தி.நகரில் 1990களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் என்று சில கிலோமீட்டருக்குள் இத்தனை 'சிறப்பு' நிறுவனங்கள் அடர்ந்திருக்கிற நிலப்பரப்பு தமிழ்நாட்டில் வேறெங்கும் இருப்பதாகத் தோன்றவில்லை. இவற்றின் மதில்களுக்கு வெளியே மாநகராட்சிப் பள்ளிகள். இரண்டுக்கும் நடுவே ஏ.சி. வகுப்பறையும் தொடுதிரையும் கொண்ட தனியார் பள்ளிகள்.

*

கதை எழும்பூரில் தொடங்குகிறது. 1789இல் ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அங்கிருந்த ராணுவ ஆண் அனாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்து இரண்டு பக்கமும் இல்லாமல் போன பிள்ளைகள். அன்றைய 'பன்முகக் கற்போர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் உள்ளூர்த் திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பெல் பார்க்கிறார். (தமிழர்களை அன்று 'மலபார்கள்' என்றே வெள்ளையர்கள் எழுதினார்கள். பெல்லுக்கும் அது மலபார் பள்ளிதான்.) தன் காப்பகத்தில் அதைப் புகுத்த முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே ஜான் ஃப்ரிஸ்கன் என்கிற எட்டு வயதுச் சிறுவனிடம் கடைநிலை வகுப்பை ஒப்படைத்தார். மணலும் சட்டாம்பிள்ளையும் சேர்ந்தால் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் அதிகம் தேவையில்லை என்று நிரூபணமாயிற்று. 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிமுறையானது. ஒழுங்கும் தண்டனையும் பற்றிய தன் நூலில் மிஷேல் ஃபூக்கோ கண்காணிப்பு எந்திரமாக விவரிக்கிற பரஸ்பரப் பள்ளிகளின் பூர்வீகங்களில் ஒன்று நமது திண்ணை என்பதை இங்கே ஃபூக்கோவை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதிகம் கவனித்ததில்லை.

திண்ணையைப் பொற்காலமாக்கும் வேலையும் நமக்கு வேண்டாம். தரம்பாலைத் தூக்கிக்கொண்டு வருகிற நண்பர்கள், அது யார் வீட்டுத் திண்ணை, அதில் யார் ஏற முடியாது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். ஏற முடியாதவர்களுக்காகத்தான் 1894இல் ஆல்காட் அடையாற்றுப் பக்கம் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறக்க வேண்டியிருந்தது. மணல் மலிவானது, யாருக்கும் சொந்தமில்லாதது, தப்பாக எழுதினால் கையால் அழித்துவிடலாம். ஆனால் அந்த மணல் பரப்பியிருந்த இடத்துக்குச் சாதி இருந்தது. கருவியின் ஜனநாயகமும் இடத்தின் ஜனநாயகமும் வேறுவேறு.

மணல் மறுபடியும் அடையாற்றுக்கு வந்தது, இம்முறை அட்டையில் ஒட்டிக்கொண்டு. 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்து இறங்கினார். உலகப்போரில் இத்தாலி எதிரி நாடானதால் தடுத்துவைக்கப்பட்டு, 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அவருடைய மணல்தாள் எழுத்துகள், உருளைகள், மணிகள் எங்கிருந்து வந்தன? ரோமில் 'மந்தபுத்தி' என்று முத்திரை குத்தி அடைத்துவைக்கப்பட்ட குழந்தைகளோடு அவர் செய்த வேலையிலிருந்து. அதற்கும் முன்னால் செகாங் என்கிற பிரெஞ்சு மருத்துவர் அதே மாதிரிக் குழந்தைகளுக்காகச் செய்த பொருள்களிலிருந்து. 1907இல் சான் லொரென்சோ என்கிற சேரிப்பகுதியில் அவை முதன்முதலாகப் பொதுவான வகுப்பறைக்கு வந்தன. அதாவது ஊனமுற்ற குழந்தைகளும் சேரிக் குழந்தைகளும் கண்டுபிடிக்கக் காரணமாயிருந்த கருவிகள். இன்று மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகையை மயிலாப்பூர், அடையாறு தெருக்களில் எங்கே பார்க்கிறோம்? எல்.கே.ஜி.க்கு லட்சத்தை நெருங்கிக் கட்டணம் கேட்கிற இடங்களில். விளிம்பில் உருவான கருவியை மையம் எடுத்துக்கொண்டு, பிறகு அதே விளிம்புக்கு அதைச் 'சிறப்புச் சலுகை'யாகத் திருப்பிக் கொடுக்கிறது. இந்த இயக்கம் திரும்பத் திரும்ப நடக்கிறது.

*

விதிவிலக்காக ஒரு தடவை வேறுமாதிரி நடந்தது. 2003இல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சியின் சில தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலி அட்டைகள், மாண்டிசோரி, நீல்பாக் பள்ளியை நடத்திய டேவிட் ஹார்ஸ்பரோ என்று பல இடத்திலிருந்து எடுத்துக் கட்டிய முறை. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. பெஞ்சுக்குப் பதில் பாய். ஆசிரியரும் தரையில். பாடம் சிறுசிறு அட்டைகளாக உடைக்கப்பட்டு, ஒவ்வொரு அட்டையிலும் யானையோ ரயிலோ ஒரு சின்னம். அட்டைகளின் வரிசை ஓர் ஏணி. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்த அட்டையைத் தானே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். வருகையைக்கூடப் பிள்ளையே பதிந்துகொண்டது.

இதற்கு அன்று வந்த எதிர்ப்புகள் எல்லாம் அபத்தமானவை அல்ல. ஏழைப் பிள்ளைகள் அட்டை விளையாடட்டும், பணக்காரப் பிள்ளைகள் புத்தகம் படிக்கட்டும் என்கிற திட்டமா இது என்று இடதுசாரி ஆசிரியர்கள் கேட்டார்கள். சர்வ சிக்ஷா அபியான் நிதிக்குப் பின்னால் உலக வங்கி இருந்ததையும் சுட்டினார்கள். அட்டைகள் கிழிந்தால் மாற்று வரவில்லை, ஒரே ஆசிரியர் நாற்பது பிள்ளைகளின் நாற்பது படிகளை எப்படிப் பார்ப்பது என்பது அன்றாடக் குறை. இவ்வளவையும் வைத்துக்கொண்டே நான் சொல்வேன்: தமிழகப் பள்ளி வரலாற்றில் பிள்ளைகள் வேறுவேறு வேகத்தில் போகலாம் என்று அரசு ஒப்புக்கொண்ட அபூர்வமான தருணம் அது. ஜுரத்தில் பத்து நாள் படுத்த பிள்ளை, அம்மாவோடு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருகிற பிள்ளை, விட்ட இடத்தில் தொடரலாம். 'நேத்து நடத்தினது இன்னிக்கு வராதா?' என்கிற அதட்டல் அங்கே பொருளிழந்து போகிறது. ஊனமென்று சான்றிதழ் வாங்காத, ஆனால் மெதுவாகப் படிக்கிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்த ஏணிதான் உதவிக் கருவி. அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை.

2022இல் அதன் இடத்தில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட என்றார்கள். நோக்கத்தைச் சந்தேகிக்கவில்லை. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து நடத்துகிறார்கள். மதிப்பீடு கைபேசிச் செயலி வழியாகப் பதிவாகிறது. வகுப்பை நடத்துவதா, செயலியில் பதிவதா என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்டன. 'சர்வர் சுத்துது' என்பது இப்போது ஆசிரியர் அறையின் பொதுவான வாக்கியம். பூவின் பெயர்களால் பேசினாலும் இது தரம்பிரித்தல்தான். முக்கியமான வித்தியாசம் வேறு. சுவர் ஏணியில் தான் எங்கே நிற்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரிந்தது, அடுத்த அட்டை எதுவென்றும் தெரிந்தது. செயலியில் அது எங்கே நிற்கிறதென்று இயக்குநரகத்துக்குத் தெரிகிறது. தகவல் ஓடுகிற திசை மாறிவிட்டது. முன்பு கருவி பிள்ளையின் கையில் இருந்தது, இப்போது பிள்ளை கருவிக்குள் ஒரு பதிவு.

இடைப்பட்ட காலத்தில் வந்துபோனவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சென்றடைந்தது. அதை 'ஓட்டுக்கு லஞ்சம்' என்று எழுதிய பத்திரிகைகளின் ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளிடம் அப்போதே கணினி இருந்தது என்பதை மறக்க வேண்டாம். 2018 முதல் புத்தகத்தில் க்யூ.ஆர். குறியீடு. அதைத் திறக்கிற ஒரே கைபேசி காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. பள்ளிகள் மூடிய 2020இல் அது பெரும் உதவி, சந்தேகமில்லை. ஆனால் ஒரு திரை, ஒரு வேகம், கேள்வி கேட்க வழியில்லை. பாவ்லோ ஃப்ரெய்ரே வங்கிமுறைக் கல்வி என்று சொன்னதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

*

கோட்டூர்புரத்துக்கு வருவோம். பூனம் நடராஜன் 1985இல் தொடங்கிய அமைப்புதான் இன்றைய வித்யாசாகர். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பலருக்குப் புரிதல் இருக்கும், வாய் மட்டும் ஒத்துழைக்காது. இவர்களுக்கான பழைய கருவி தொடர்புப் பலகை: படங்களும் சொற்களும் ஒட்டிய ஓர் அட்டை. விரலால், முடியாவிட்டால் கண்ணால் காட்ட வேண்டும். எதிரே இருப்பவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். 2010 வாக்கில், ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் வித்யாசாகரோடு சேர்ந்து வேலைசெய்து 'ஆவாஸ்' கருவியை உருவாக்கினார். இறக்குமதிக் கருவிகளின் விலையில் சிறு பங்கே ஆனது. பிள்ளை படத்தைத் தொட்டால் அதுவே குரலாகப் பேசும். பிறகு அது டேப்லெட் செயலியாகவும் ஆனது. வகுப்பறையில் இதன் விளைவு சாதாரணமானதல்ல. அதுவரை அந்தப் பிள்ளைக்குப் பதில் பேசியவர் அம்மா, ஆயா, ஆசிரியர். இப்போது அவர்கள் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. பிறர் சும்மா இருக்கும்படி செய்கிற கருவி அரிது.

ஆனால் கருவிக்குள் என்ன சொற்கள் இருக்க வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? பெரியவர்கள். எந்தத் தொடர்புப் பலகையையும் எடுத்துப் பாருங்கள். 'தண்ணீர்', 'பாத்ரூம்', 'நன்றி', 'வணக்கம்' முதல் வரிசையில் இருக்கும். 'மாட்டேன்' எங்கே? 'என்னைத் தொடாதே' எங்கே? 'போடா' எங்கே? திட்ட முடியாத குழந்தையின் மொழி பாதி மொழிதான். பாலியல் துன்புறுத்தலைச் சொல்வதற்கான சொல்லே பலகையில் இல்லையென்றால், அந்தக் குழந்தைக்கு நடந்தது நடக்கவே இல்லை என்றாகிவிடும். சொற்பட்டியல் என்பது நிர்வாக விஷயமல்ல, அரசியல்.

இன்னொன்று நமக்கே உரியது. படங்களைக் கோத்து வாக்கியமாக்கும் முறை, சொல் வரிசையை நம்பியிருக்கிற ஆங்கிலத்துக்கு வசதி. தமிழில் வினைமுற்றைச் சொல்லவேண்டுமென்றால் ஆள் யார், ஆணா பெண்ணா, மரியாதையா இல்லையா என்று தீர்மானித்தாக வேண்டும். வந்தான், வந்தார், வந்தாங்க, வந்துச்சு. வீட்டுவேலைக்கு வருகிற அம்மாவைக் குறிக்கும் படத்தைத் தொட்டால் கருவி 'வந்தாள்' என்று சொல்லுமா, 'வந்தாங்க' என்றா? யாரோ ஒருவர் ஏற்கெனவே தீர்மானித்துப் போட்டிருப்பதைத்தான் அது சொல்லும். சாதிப் பழக்கம் மென்பொருளுக்குள் போய் உட்கார இவ்வளவு இடம் போதும். அஜித் நாராயணனே படங்களிலிருந்து இலக்கணத்தைப் பிரித்தெடுக்கும் ஒரு வழியைப் பற்றி 2013இல் டெட் மேடையில் பேசினார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இலக்கணம் தடையாகிறது என்பதே அவர் புறப்பட்ட இடம். தமிழில் அது மரியாதையின் இலக்கணமாகவும் இருக்கிறது.

குரலும் அப்படித்தான். தமிழ்க் கணினிக் குரல்கள் பெரும்பாலும் எழுத்துத் தமிழை எழுதியபடி வாசிப்பவை. ஏழு வயதுப் பிள்ளை தன் அம்மாவிடம் 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று வானொலிச் செய்திபோலக் கேட்கிறது. 'தண்ணி வேணும்மா' என்று கெஞ்சவோ அடம்பிடிக்கவோ அதற்கு முடியாது. இரட்டை வழக்கு பற்றி மொழியியலாளர்கள் கட்டுரை எழுதிக் குவித்திருக்கிறார்கள். பேச்சுத் தமிழ் தரக்குறைவு என்கிற நமது பண்டிதப் பிடிவாதத்தின் விலையைப் பேச முடியாத குழந்தை கொடுக்கிறது. அடையாற்று வீட்டில் ஆங்கிலக் குரலை வைத்துச் சமாளிக்கலாம். கண்ணகி நகருக்குத் தூக்கியெறியப்பட்ட வீட்டில் என்ன செய்வது?

*

காது கேளாதோர் விஷயத்தில் கருவியின் அரசியல் இன்னும் கூர்மையானது. பால வித்யாலயா 1969 முதல் மிகச் சிறு வயதிலேயே காதுக்கருவி பொருத்திப் பேச்சைப் பழக்கும் வழியில் செயல்படுகிறது. அங்கிருந்து பொதுப்பள்ளிகளுக்குப் போன பிள்ளைகள் ஏராளம், அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் உள்வைப்பு சிகிச்சை ஏழைக் குழந்தைகளுக்கும் கிடைக்கிறது. இந்தக் கருவிகள் எல்லாம் பிள்ளையின் உடலை வகுப்பறைக்கு ஏற்றபடி திருத்துகின்றன. வகுப்பறை அப்படியே இருக்கிறது. சைகைமொழி இதற்கு நேர்மாறு. அது வகுப்பறையைத் திருத்தச் சொல்கிறது, ஆசிரியரையும் மற்ற முப்பது பிள்ளைகளையும் ஒரு புதிய மொழி கற்கச் சொல்கிறது. 1880இல் மிலான் மாநாடு சைகையைப் பள்ளிகளிலிருந்து துரத்தியது. காது கேளாத ஆசிரியர்களும் அதோடு வெளியேற்றப்பட்டார்கள். உள்வைப்புக்கு லட்சக்கணக்கில் செலவிடுகிற அரசு, மாநகராட்சிப் பள்ளிக்கு ஒரு சைகைமொழி ஆசிரியரை நியமிக்கத் தயங்குவது பணப் பிரச்சினை என்று நான் நம்பவில்லை. இரண்டும் வேண்டும் என்று பெற்றோர் கேட்டால் அதுதான் நியாயம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகை ஊனங்களை ஏற்கிறது. ஆனால் அதன் முக்கியமான சலுகைகளுக்கு நாற்பது சதவீதம் என்றொரு கோடு. முப்பத்தெட்டு சதவீதக் குழந்தை என்ன செய்யும்? மருத்துவரின் அளவுகோலும் ஒரு வகுப்பறைக் கருவிதான், வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது, அவ்வளவே.

கடைசியாக நமது வீட்டுக்குள். பார்வையற்ற மாணவர்கள் இன்று பிரெயிலை மட்டும் நம்பியிருக்கவில்லை. என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பான்கள் 2006 முதல் இருக்கின்றன, தமிழும் படிக்கின்றன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 2010இல் திறந்தபோதிலிருந்தே பிரெயில் பகுதி உண்டு. சட்டமும் தடையில்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் ஊனமுற்றோருக்கான வடிவங்களில் நூல்களை மாற்ற அனுமதிக்கிறது. இதையே உலக அளவில் பேசும் மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. ஆனால் தமிழ் எம்.ஏ. படிக்கிற பார்வையற்ற மாணவி தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைக் கட்டுரை ஒன்றைப் படிக்க நினைத்தால் என்ன கிடைக்கும்? ஸ்கேன் செய்த படம். அல்லது அன்று ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு விதமாக வைத்திருந்த எழுத்துருவில் ஒரு கோப்பு. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் மாநாடு கூடி விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் தரம் வகுத்தது, பிறகு யூனிகோட் பரவியது. இருந்தும் பதிப்புலகத்தில் பழைய எழுத்துருக்கள் போகவில்லை. அந்தக் கோப்பைத் திரைவாசிப்பானிடம் கொடுத்தால் 'அ' என்றிருக்கும் இடத்தில் ஏதோ ஆங்கிலக் குறியைச் சத்தமாகப் படிக்கும். விளிம்புநிலை, மற்றமை, உடலரசியல் என்று பக்கம்பக்கமாக எழுதப்பட்ட கட்டுரைகள் அந்த மாணவியின் காதில் அடைப்புக்குறியாகவும் அரைப்புள்ளியாகவும் விழுகின்றன.

பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு இதழுக்கு ஒரு மத்தியான வேலை, திருத்தம் பார்க்க இன்னொரு நாள். பதிப்பகத்தில் கேட்டால் கோப்பு அச்சகத்தில் இருக்கிறது என்பார்கள். அச்சகத்தில் கேட்டால் அந்த ஹார்ட் டிஸ்க் போய் ரொம்ப நாளாச்சு சார் என்பார்கள். புதிதாக வருகிற புத்தகங்களுக்காவது எழுத்துக் கோப்பைத் தனியே எடுத்து அண்ணா நூலகத்தின் பிரெயில் பகுதிக்கு அனுப்பிவைக்கலாம், ஒரு மின்னஞ்சல் போதும். இந்தக் கட்டுரை எந்த எழுத்துருவில் கோக்கப்படும் என்று ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.